கடைசி ரீல் வராத மேட்னி

படம் காரைக்காலுக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் பாட்டுகள் வந்துவிட்டன. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வீடு போலகத்தில், படித்த பெண்கள் பள்ளிக்கூடம் காரைக்காலில். காலையில் பஸ் ஏறினால் டிரைவர் தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு. இறங்கினால் டீக்கடையில் அதே பாட்டு. வகுப்புக்குள் போனால் கெமிஸ்ட்ரி டீச்சர் கரும்பலகை பக்கம் திரும்பும் நேரம் பார்த்து எந்த பெஞ்சிலிருந்தாவது அதன் ஹம்மிங் கிளம்பும்.

படத்தின் கதாநாயகி இரட்டைச் சடை போட்டு ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் விட்டிருக்கிறாள் என்று வாரப் பத்திரிகையில் வந்த போட்டோவிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். திங்கட்கிழமை பிரேயரில் பாதிப் பள்ளிக்கூடம் ஒரு சடையை முன்னால் விட்டுக்கொண்டு நின்றது. தலைமையாசிரியை வரிசை வரிசையாக வந்து எல்லாச் சடைகளையும் தன் கையாலேயே பின்னால் தள்ளிவிட்டுப் போனார். அவர் தாண்டிப் போனதும் அவை மறுபடி முன்னால் வந்தன.

இன்றைக்குச் சொன்னால் என் மகளுக்குப் புரிவதில்லை. ஒரு படத்துக்கா இவ்வளவு என்கிறாள். அதுவரை சினிமாவில் காதலித்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். கதாநாயகனுக்கு மீசையும் உத்தியோகமும் இருக்கும். கதாநாயகி கல்லூரி மாணவி என்று சொல்வார்கள், பார்த்தால் எங்கள் கணக்கு டீச்சரை விட மூத்தவளாக இருப்பாள். திடீரென்று அந்த வருஷங்களில் எங்கள் வயதுக்காரர்கள் திரைக்கு வந்துவிட்டார்கள். முகப்பருவோடு வந்தார்கள். சைக்கிளில் செயின் கழன்று விழுந்து, கையில் கிரீஸ் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பரீட்சைக்குப் பயந்தார்கள். எங்களைப் பற்றியும் ஒரு கதை சொல்ல முடியும் என்று யாரோ எங்கோ முடிவெடுத்திருக்கிறார்கள் என்கிற நினைப்பே எங்களை உட்கார விடவில்லை.

ஆனால் என் வீட்டில் அம்மா இருந்தாள்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மாடு, நடவு ஆட்களுக்குச் சோறு, நெல் காயப்போடுவது என்று அவளுடைய நாள் விடியுமுன் ஆரம்பித்துவிடும். சினிமா என்றால் சாமி படம். அதற்கும் வருஷத்துக்கு ஒரு தரம் போனால் அதிகம். திரையில் அம்மன் தோன்றும்போது அம்மா தியேட்டரிலேயே கும்பிடுவாள். அப்படிப்பட்டவளிடம் நான் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்க காதலிக்கிற படத்த, பள்ளிக்கூடம் போற புள்ள எதுக்குப் பாக்கணும்?"

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு நர்சக்கா. காரைக்கால் ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் நானும் அவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. படம் அந்த வெள்ளிக்கிழமை காரைக்காலுக்கு வருகிறது என்று போஸ்டர் ஒட்டிய அன்றே அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே அம்மாவிடம் பேசினார். படத்தைப் பார்க்காமலே கெட்டது என்று சொல்வது நியாயமில்லை என்றார். ஆஸ்பத்திரியில் கூட பார்த்த பிறகுதான் என்ன வியாதி என்று சொல்கிறார்கள் என்றார்.

"நீங்களே கூட வாங்கக்கா. சரியில்லன்னு பட்டா புள்ளய எழுப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "நான் எந்திரின்னு சொன்னா எந்திரிச்சிடணும். பாட்டு ஓடுது, பாதியில இருக்குன்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

நான் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன். மின்துறை அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா செய்தித்தாளை இறக்காமலே, போய்ட்டு வாங்க என்றார்.

சனிக்கிழமை மேட்னி. பஸ் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி அரசலாற்றுப் பாலம் ஏறும்போதே நான் இறங்குவதற்குப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டேன். தியேட்டர் வாசலில் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. சடையை முன்னால் விட்ட பெண்களின் கூட்டம் ஒரு பக்கம், காலரைத் தூக்கிவிட்ட பையன்களின் கூட்டம் இன்னொரு பக்கம். ஆனால் எல்லோரையும் விட அதிகமாக இருந்தவர்கள், நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காதவர்கள். அம்மா வயதுப் பெண்கள். இடுப்பில் குழந்தையோடு, கையில் தூக்குவாளியோடு, வயல் வேலை முடித்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்தவர்கள். மீன் விற்றுவிட்டு, காலிக் கூடைகளை வாசலில் பூக்காரி பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த கடலோரப் பெண்கள். அம்மா அவர்களை எல்லாம் பார்த்து, "இவங்கள்லாம் எதுக்கு வந்திருக்காங்க?" என்று நர்சக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். எங்களுக்கு நடு பெஞ்சில் இடம் கிடைத்தது. அம்மா என்னை ஓரத்தில், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எழுப்பிக் கூட்டிப்போக வசதியாக.

விளக்கு அணைந்தது. படத்தில் ஒரு மலையடிவார ஊர். ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் அவள். வாடகை சைக்கிள் கடையில் மாலை நேரம் வேலை பார்க்கும் மாணவன் அவன். இருவருக்கும் பதினேழு வயது. முதல் பாட்டு வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து வண்ணக் காகிதங்கள் பறந்து சுவரைத் தாண்டி எங்கள் மேல் விழுந்தன. விசிலில் பாட்டே கேட்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, எல்லோருக்கும்தான் பாட்டு மனப்பாடமாயிற்றே.

நான் பாதிப் படத்தைத் திரையிலும் மீதியை அம்மா முகத்திலும் பார்த்தேன். அவன் அவளுக்காக சைக்கிளில் காற்றடித்துக் கொடுக்கிறான். எழுப்புவாளோ? எழுப்பவில்லை. அவள் கணக்குப் புத்தகத்துக்குள் அவன் பெயரை எழுதி அழிக்கிறாள். இதற்கு நிச்சயம் எழுப்புவாள். எழுப்பவில்லை. மழையில் இருவரும் ஒரே குடைக்குள், தோள் படாமல், படாமல் இருப்பதற்காக ஆளுக்கொரு பக்கம் நனைந்துகொண்டு நடந்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் வைத்திருந்த முறுக்கு கடிக்கப்படாமல் வாய்க்கு அருகிலேயே நின்றிருந்தது.

இடைவேளையில் நர்சக்கா, "என்னக்கா, கெளம்பலாமா?" என்றார். அம்மா அவரைப் பார்க்காமல், "இருங்க, பாப்போம்" என்றாள்.

பிற்பாதியில் அவள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. வேறு ஊருக்கு மாற்றல் வாங்குகிறார். அவன் பஸ் நிலையத்தில் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்புகிறான். அவள் சிவப்புத் தாவணியும் கையில் ஒரு பையுமாகப் பின்வாசல் வழியே இறங்கி ஓடுகிறாள். அங்கே அவன் நிற்கிறான். ஒரு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறது. அவள் பின்னால் தூரத்தில் அவள் அப்பா ஏறி வரும் ஜீப். அவள் ஓடுகிறாள். ஜீப் வருகிறது. அவன் அவளைப் பார்த்துவிட்டான், ஜீப்பையும் பார்த்துவிட்டான்.

திரை வெள்ளையானது. விளக்கு எரிந்தது.

ரீல் அறுந்துவிட்டது என்று நினைத்தோம். கத்தல், விசில். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து கைகூப்பினார். புதுப்படம் என்பதால் காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட்தான். அங்கே ஓடி முடிந்த ரீல்களை மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். கடைசி ரீல் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. வந்துகொண்டே இருக்கிறது, தயவு செய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆண்கள் பக்கம் பெஞ்சைத் தட்டினார்கள். எங்கள் பக்கம் நடந்தது வேறு. யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பி உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன ஆகும் என்று பேச ஆரம்பித்தார்கள். முன் பெஞ்சுப் பெண்கள் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள் என்றார்கள். ஒருத்தி, ஜீப் அவன் மேல் மோதும், அவன் செத்துப்போவான், இந்த மாதிரிப் படத்தில் அப்படித்தான் என்று சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்கினாள். நான் என் பங்குக்கு, அவர்கள் ஓடிப்போய்விட வேண்டும் என்றேன். அம்மா பக்கத்தில் இருப்பதே மறந்துவிட்டது.

"ஓடிப்போயி?" என்று அம்மா கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி. "எறங்குற ஊர்ல யாரு வீட்டுல தங்குவாங்க? அந்தப் பொண்ணு பையில மாத்துத் துணி எடுத்த மாதிரியே தெரியலையே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எங்களுக்குப் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் எடுக்கலைங்க. கட்டுன பொடவையோடதான் போனேன்."

திரும்பிப் பார்த்தோம். மீன் விற்றுவிட்டு வந்த பெண்களில் ஒருவர். நல்ல உயரம், அம்மா வயதுதான் இருக்கும். வாயில் வெற்றிலை.

"எங்க போனீங்க?" என்றாள் அம்மா.

"ஓடித்தான் போனேன். கிளிஞ்சல்மேட்டுலேருந்து பட்டினச்சேரிக்கு."

பஸ்ஸிலா என்று யாரோ கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டார். பஸ்ஸில் போனால் காரைக்காலுக்குள் நுழைந்து பாலத்தைக் கடந்து போக வேண்டும். மார்க்கெட்டில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர்கள். அதனால் கடல் வழியாகப் போனார்களாம், கட்டுமரத்தில்.

அந்தப் பெஞ்சைச் சுற்றி இருந்த எல்லோரும் அவரை நோக்கி நகர்ந்தார்கள். அவர் சொல்லத் தொடங்கினார். பட்டினச்சேரிக்காரன் கோயில் திருவிழாவுக்கு வந்தவன், வயது இருபது கூட ஆகாது. இரண்டு ஊருக்கும் வலை விஷயமாகப் பழைய சண்டை. பெண் கேட்டு வந்தவர்களை இவருடைய அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு ஒரு நாள் மத்தியானம், ஆண்கள் கடலிலிருந்து வந்து தூங்குகிற நேரம், பெண்கள் எல்லாம் மீனோடு மார்க்கெட் போயிருக்கிற நேரம், அவன் யாரிடமோ இரவல் வாங்கிய கட்டுமரத்தோடு கரைக்கு வந்தான். இவர் கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

"பயமா இல்லையா?" என்று கேட்டது நான்தான்.

"கடலுக்கா? எங்களுக்குக் கடல்ல என்ன பயம். அவருக்குத்தான் பயம். பாய சரியாப் பிடிக்கத் தெரியல. மேக்காத்து வேற கெளம்பிடுச்சு. தெக்கால போக வேண்டியது கரைய விட்டு வெளிய வெளிய போவுது. திரும்பிப் பாத்தா எங்கப்பா."

ஆண்கள் பக்கத்துக் கூச்சல் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது.

அவருடைய அப்பா சித்தப்பாவோடு இன்னொரு கட்டுமரத்தில் துரத்தி வந்திருக்கிறார். அவர் கையில் துடுப்பு. நெருங்க நெருங்க அவருடைய முகம் தெரிந்தது. இவர் தன் ஆள் முன்னால் போய் நின்றுகொண்டார். அடித்தால் முதல் அடி தன் மேல் விழட்டும் என்று. இரண்டு மரமும் உரசின. அப்பா துடுப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இவர்கள் மரத்தின் மேல் தாவினார்.

அந்த இடத்தில் அவர் நிறுத்தி, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள். "சொல்லுங்க."

"அவர நெட்டித் தள்ளிட்டு, பாயக் கையில வாங்குனாரு. 'எம் பொண்ணக் கொண்டு போறவனுக்கு மரம் ஓட்டத் தெரிய வேணாமாடா?' அப்டின்னாரு. அவ்ளோதான். அவரே ஓட்டிட்டு வந்து பட்டினச்சேரிக் கரையில எங்க ரெண்டு பேரையும் எறக்கி விட்டாரு. எறக்கிட்டு, சித்தப்பா மரத்துல ஏறித் திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு."

நான் அந்த வருஷத்தில் அத்தனை படங்களைப் பற்றிக் கேட்டிருந்தேன், பேசியிருந்தேன். எதிலும் இப்படி ஒன்று இல்லை. என் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. நர்சக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் பெஞ்சுப் பெண்கள், அப்புறம், அப்புறம் என்றார்கள். ஊர்க் கூட்டம் போட்டார்கள், இரண்டு பக்கமும் சத்தம் போட்டு ஓய்ந்தார்கள் என்றார் அவர். மூத்த பிள்ளை பிறந்த பிறகு அப்பா வந்து பார்த்தாராம். அதுவும் பிள்ளையைத்தான் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாராம்.

"அம்மா?" என்று கேட்டாள் என் அம்மா. "உங்கம்மா என்ன சொன்னாங்க?"

அவர் என் அம்மாவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "அம்மாவுக்குத் தெரியும். பாயி கட்டுற கயிற முந்துன நாளே எடுத்துக் குடுத்ததே அதுதான்" என்றார்.

மேனேஜர் மறுபடி வந்தார். ரீல் இன்றைக்கு இந்த ஆட்டத்துக்கு வராது, வைத்திருக்கும் டிக்கெட்டைக் காட்டி நாளை மேட்னிக்கு வரலாம் என்றார். மாலை முதல் ஆட்டத்துக்கு வெளியே கூட்டம் நிற்கிறதாம். ஆண்கள் பக்கம் பெஞ்சு உடைகிற சத்தம் கேட்டது. நாங்கள் வெளியே வந்தோம். அம்மா மூன்று டிக்கெட் துண்டுகளையும் ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். புள்ளைங்க பாக்கக் கூடிய படம்தானா?

"முடிவு பாக்காம எப்டிங்க சொல்றது?" என்றாள் அம்மா. "நாளைக்கும் போவணும்."

அப்பா செய்தித்தாளை முதல் தடவையாக இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் நடந்தது எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சனிக்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்குக் கடைசி ரீல் வந்துவிட்டதாம். ஊரில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். பால் வாங்க வந்தவர், "என்னங்க, நேத்து படம் பாக்கப் போனீங்களாமே, கடைசில அந்தப் பையன்" என்று ஆரம்பிக்க, அம்மா பால் சொம்பை அப்படியே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் திகைத்துப்போய் என்னிடம், உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்றார். மளிகைக் கடைக்கு என்னை அனுப்பவில்லை. தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் அம்மா கதவைச் சாத்தினாள். நர்சக்கா பூசை முடிந்து வந்தபோது, கோயில் வாசலில் தான் யாரிடமும் நின்று பேசாமல் வந்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

மாட்டுக்குத் தீனி, நெல், சமையல் எல்லாம் அன்றைக்கு எப்படியோ முன்னதாகவே முடிந்துவிட்டது. அம்மா கனகாம்பரம் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுக்கும் அரக்குப் புடவையை உடுத்தியிருந்தாள்.

தியேட்டரில் பட்டினச்சேரிக்கார அக்கா ஏற்கெனவே வந்து, துண்டைப் போட்டு எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவரும் யார் வாயிலிருந்தும் முடிவைக் கேட்காமல் தப்பி வந்திருந்தார். மீன் வாங்க வந்த ஒருத்தி சொல்லப் போனாளாம், அவள் வாயில் ஒரு வெற்றிலையை வைத்து மூடிவிட்டாராம். நேற்று ரீல் வராத காரணமும் அவரிடம்தான் இருந்தது. ஓட்டி முடித்த பெட்டிகளை நாகப்பட்டினத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனவனை எல்லையில் போலீஸ்காரர்கள் நிறுத்தி, காரைக்காலிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சாராய பாட்டில் கடத்துகிறான் என்று சந்தேகப்பட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே சுருள் சுருளாகப் படம். அவன் விடுபட்டு நாகப்பட்டினம் போய்க் கடைசி ரீலை வாங்குவதற்குள் இங்கே எங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது.

முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தோம். இந்தத் தடவை அம்மா என்னை ஓரத்தில் உட்காரவைக்கவில்லை. அவளும் அந்த அக்காவும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, என்னையும் நர்சக்காவையும் இரண்டு பக்கமும் தள்ளிவிட்டார்கள். நேற்று நீங்க, வாங்க என்று பேசிய இருவரும் இன்று குடைக் காட்சி வருவதற்குள் நீ, வா என்று ஆகியிருந்தார்கள்.

அந்தக் கட்டம் வந்தது. பஸ் நிலையம். அவள் ஓடுகிறாள். ஜீப். தியேட்டர் முழுக்க ஒரே மூச்சு. திரை வெள்ளையாகவில்லை. ஜீப் வந்து நிற்கிறது. பையன் ஓடவில்லை. பஸ் கிளம்பிப் போய்விடுகிறது. அவன் அவள் கையிலிருந்த பையை வாங்கி அவள் அப்பாவிடமே கொடுக்கிறான். பரீட்சை எழுதட்டும் சார், நான் இங்கேயே இருப்பேன் என்கிறான். அவள் அழுதுகொண்டே ஜீப்பில் ஏறுகிறாள். மூன்று ஆண்டுகள் கழித்து என்று எழுத்து வருகிறது. அதே பஸ் நிலையம். புடவை கட்டிய அவள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். எதிரே சைக்கிள் கடை, அவன் சொந்தக் கடை. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். பாட்டு.

நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து பறந்துவந்த காகிதங்களைப் பொறுக்கி நாங்களும் மேலே வீசினோம். அம்மா வீசினாள், அரக்குப் புடவையோடு, எழுந்து நின்று.

பட்டினச்சேரி அக்காவுக்கு மட்டும் முடிவு பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்துகொண்டே சண்டை போட்டார். "மூணு வருஷம் எவன் நிப்பான்? படம்ன்றதால நிக்கிறான்."

"நிப்பான்" என்றாள் அம்மா.

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுதான். எனக்குப் பதினேழு வயசே வரலயே. பதினாறுல கல்யாணம், பதினெட்டுல இவ பொறந்துட்டா. நடுவுல இருந்தது எங்க போச்சுன்னே தெரியல. யாராச்சும் நின்னாங்கன்னு பாக்கவாவது பாத்துக்கிறேனே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அக்கா தன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து அம்மாவுக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார். வெற்றிலையே போடாத அம்மா அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

முந்தின நாள் தியேட்டர் வாசலில், இவர்கள் எல்லாம் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டவள் அம்மாதான். இந்தப் படங்கள் இளைஞர்களுக்காக எடுத்தவை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு அவை பிடித்தது உண்மை. ஆனால் எங்களுக்கு வயது ஆக ஆக அடுத்த படம், அடுத்த நடிகன் என்று போய்க்கொண்டே இருந்தோம். அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அந்த பெஞ்சுகளில் இருந்த முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். அவர்கள் பழையதை நினைத்துப் பார்க்க வரவில்லை. நினைத்துப் பார்க்க அவர்களில் பலரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் அந்தப் பதினேழு வயதை அப்போதுதான், முப்பத்தைந்து வயதில், மத்தியான வெயிலில், முதன்முதலாக அனுபவித்தார்கள்.

அந்தக் கோடையில் எனக்கு மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நிலம் இருந்தது. அப்பா அரைமனதாகத் தலையசைத்துவிட்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்து முடித்துவிட்டு, வந்தவர்களிடம் மிகவும் மரியாதையாக, அவ காலேஜுல சேரப் போறாங்க என்றாள். அப்படி ஒரு முடிவு எடுத்திருப்பது அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். அவர்கள் போன பிறகு வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அம்மா குரலை உயர்த்தவே இல்லை. படிக்கட்டுங்க, படிக்கட்டுங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் காரைக்காலிலேயே கல்லூரியில் சேர்ந்தேன். அப்பாவுக்கும் கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது, அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் என் மகள் பி.எஸ்சி. படிக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

பட்டினச்சேரி அக்கா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவர ஆரம்பித்தார். மீனைக் கழுவுவதற்குள் புதுப்படக் கதை ஒன்று முடிந்துவிடும். எண்பதுகள் முடியும் வரை அப்படிப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ரயிலில் பார்த்தவர்கள், கோயிலில் பார்த்தவர்கள், ஜாதி வேறானவர்கள், ஊர் வேறானவர்கள், செத்துப்போனவர்கள், சேர்ந்துவிட்டவர்கள். அம்மாவும் அக்காவும் ஒன்றையும் விடவில்லை. முடிவு சரியா தப்பா என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டார்கள். பழைய படங்கள் திரும்ப வந்தபோது புதுப்படம் மாதிரியே திரும்பப் போனார்கள்.

கல்லூரி கடைசி வருஷத்தில் ஒரு படம் வெளியான வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறது. வகுப்பை முடித்துவிட்டு நான் தோழிகளோடு தியேட்டருக்கு ஓடினால், பெண்கள் வரிசை ஏற்கெனவே மூலை திரும்பி நின்றது. இனி டிக்கெட் கிடைக்காது என்று தோழிகள் சோர்ந்துபோனார்கள். அப்போது வரிசையின் முன்பக்கத்திலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா. அவளுக்கு முன்னால் மீன் கூடையோடு அந்த அக்கா, பின்னால் ராத்திரி டூட்டி முடித்து நர்சு உடுப்பிலேயே வந்த நர்சக்கா. காலையிலிருந்தே நிற்கிறார்களாம். எத்தனை டிக்கெட் வேண்டும் என்று அம்மா விரல்களைக் காட்டிக் கேட்டாள். நாங்கள் சொல்வதற்குள் கேட் திறந்துவிட்டது. அம்மா புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.